ஐந்து அடி, ஆறு காயம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. வலது கையில் இரண்டு விரலுக்கு மாவுக்கட்டு. கதவிடுக்கில் நசுங்கிவிட்டது. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் அத்தானை அடக்கம் செய்தாயிற்று. முகத்தை மூடித்தான் கொடுத்தார்கள். திறந்து காட்டியே ஆக வேண்டும் என்று அவருடைய அண்ணன் சண்டை போட்டார். திறந்தார்கள். அதற்குப் பிறகு அவர் யாரோடும் சண்டை போடவில்லை. பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு விபத்துகூட இல்லை என்று டிப்போவில் கொடுத்த சான்றிதழையும் கூடவே வைத்தார்கள். அதன் கண்ணாடி அன்றைக்கே உடைந்துவிட்டது, வெறும் பிரேமோடு வைத்தார்கள்.

குழாய் திருகும் பைப் ரிஞ்சால் அவர் மண்டையில் ஐந்து முறை அடித்ததாக நீயே போலீசில் போய்ச் சொல்லியிருக்கிறாய். அந்தச் செய்தி எங்கள் பேப்பருக்குத்தான் வந்தது, என் மேஜைக்குத்தான் வந்தது. பிழை திருத்துகிறவள் செய்தியைப் பொறுக்கி எடுக்க முடியாது. நிருபர் ‘குற்றவாளி கைது’ என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று போட்டேன். தம்பி என்பதற்காக இல்லை. இருபது வருஷமாக எல்லாக் கொலைகாரனுக்கும் அப்படித்தான் போடுகிறேன். பார், நானே கொலைகாரன் என்று எழுதிவிட்டேன். கோர்ட் தீர்ப்புச் சொல்லும்வரை ஒருவர் மேல் குற்றம் சாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவரே ஒத்துக்கொண்டாலும் அவ்வளவுதான்.

உன் நீலச் சட்டையைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். விசாரணைக் கைதி சொந்தத் துணி உடுத்தலாம். அதையாவது ஒழுங்காக உடுத்து. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கும், இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகும் வார்டர் ஐயாவுக்கும் வணக்கம். நான் நலம். ஐயாவும் நலம்தான், கன்னம் பளபளவென்று இருக்கிறது. உன் விரல் எப்படி இருக்கிறது?

சட்டை வந்தது. அது வந்த அன்றே அதில் ரத்தமும் பட்டுவிட்டது. பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் முப்பத்தொரு பேர் இருக்கிறோம், வாளி இரண்டு. நான் பிடித்த வாளியை ஒருத்தன் பிடுங்கினான். விடவில்லை. பின்மண்டையைப் பிடித்துக் குழாயில் மோதினான், முன்பல் இரண்டு போய்விட்டது. ஊருக்கெல்லாம் குழாய் மாட்டினவன் பல் குழாயிலேயே போயிற்று, சிரித்துக்கொள். அவன் மணிக்கட்டைப் பிடித்து, இறுகிப்போன வால்வைத் திருகுகிற மாதிரி திருகினேன். சத்தம் கேட்டது. இப்போது வாளி எனக்குத்தான் முதலில்.

நீ அனுப்பிய சொல்லை இங்கே யாரும் சீந்துவதில்லை. தண்டனை ஆனவனுக்கு வெள்ளைச் சட்டை, எங்களுக்கு வீட்டுச் சட்டை. வித்தியாசம் அதோடு சரி. லத்தி சட்டையைப் பார்த்து விழுவதில்லை.

எனக்காக வக்கீலிடம் அலையாதே. செய்தேன், சொன்னேன். ஐந்து அடி. எண்ணித்தான் அடித்தேன். உன் வலது காதில் ஒன்றும் கேட்காமல் போனதற்கு ஒன்று, மீதிக்குக் கணக்கு உனக்கே தெரியும். விரலை டாக்டரிடம் காட்டு.

உன் தம்பி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். பல் போன இடத்தில் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள். உப்புத் தண்ணீரில் கொப்பளி, உப்பாவது கொடுப்பார்கள் அல்லவா? எனக்கு மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. நடுவிரல் இனி மடங்காது என்கிறார் டாக்டர். பென்சில் பிடிக்க அது மடங்க வேண்டியதில்லை.

சொல்லை யாரும் சீந்துவதில்லை என்று எழுதியிருக்கிறாய். சீந்தாவிட்டால் போகட்டும். ஆனால் அது சும்மா மரியாதைக்குப் போடுகிற சொல் இல்லை. நீ செய்தாய் என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள் வேலை. செய்யவில்லை என்று நிரூபிப்பது உன் வேலை இல்லை. அதுவரைக்கும் உன்னை அடைத்து வைக்கலாம், தண்டிக்க முடியாது. உன் பல்லை உடைத்தவனுக்கும் அதே சொல்தான். அறையில் படித்துக் காட்டு.

இன்னொரு செய்தி. பிரேதப் பரிசோதனை விவரம் போன வாரம் என் மேஜைக்கு வந்தது. ‘ஐந்து முறை அடித்தார்’ என்று மேலே இருந்தது, ‘தலையில் ஆறு காயங்கள்’ என்று கீழே இருந்தது. தலைக்கு மேல் வேலை, பக்கம் முடிய அரை மணி இருந்தது. வழக்கம்போல ஓரத்தில் எழுதிவிட்டேன்: ‘ஐந்து அடி, ஆறு காயம், சரிபார்க்கவும்.’ காகிதத்தைக் கீழே அனுப்பிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று உறைத்தது. ஓடிப்போய்க் கேட்டேன். நிருபர் அதை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்க்கக் கிளம்பிவிட்டாராம்.

தம்பி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீ வீட்டுக்குப் போனபோது அவர் எப்படி இருந்தார்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 9

அக்காவுக்கு வணக்கம். நலம்.

உனக்கு மூளை இருக்கிறதா? இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் தப்பைத் தப்பாக விட்டிருக்கக் கூடாதா? கணக்கு என்னுடையது. எண்ணும்போது ஒன்று விட்டுப்போயிற்று. ஆறாவதும் நான்தான். வக்கீலிடம் சொல்லிவிட்டேன், இதைப் படிக்கும் ஐயாவும் குறித்துக்கொள்ளட்டும்.

உன் கடிதத்தில் பாதியை அறையில் படித்துக் காட்டினேன். கை உடைந்தவன்தான் அதிகம் கேட்டான், மூன்று முறை படிக்கச் சொன்னான். மறுநாள் காலை புதுசாக வந்த ஜெயிலர், “குற்றவாளிங்க எல்லாம் வரிசையா நில்லுங்க” என்றார். என் வாய் சும்மா இருந்தால்தானே. “நாங்க குற்றம் சாட்டப்பட்டவங்க சார்” என்று சொல்லிவிட்டேன். முப்பது பேரும் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. கவிழ்த்துப் போட்டு உள்ளங்காலில் அடித்தார்கள். இருபது வரை எண்ணினேன், பிறகு எண்ண முடியவில்லை. நான்கு நாளாக முட்டி போட்டுத்தான் கழிவறைக்குப் போகிறேன். கை உடைந்தவன் நல்ல கையால் என்னைத் தாங்கிக்கொண்டு வருகிறான்.

உன் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது அக்கா. ஆனால் இனிமேல் சொல் அனுப்பாதே. வாயை மூடிக்கொண்டு இரு, அது போதும்.

உன் தம்பி

பிப்ரவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

கால் ஆறிவிட்டதா? மருந்து அனுப்பினேன், கைக்கு வந்ததா என்று எழுது.

இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வந்தார். நான் திருத்திய காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார். ஐந்து காயம் ரிஞ்சினுடையது, ஆறாவது மட்டும் வேறு மாதிரி இருக்கிறதாம். முக்கோணமாக, ஒரு முனை கூராக. நெற்றியில் வலது பக்கம். எதிரே நின்று இடது கையால் அடித்தால்தான் அங்கே படும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “உங்க தம்பிக்கு எந்தக் கைப்பழக்கம்மா?” என்று கேட்டார். வலது கை என்றேன். என் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நான், வலது கை இன்னும் தேறாததால், இடது கையால் பென்சில் பிடித்து உட்கார்ந்திருந்தேன். விரலில் என்ன என்று கேட்டார், கதவு என்றேன். போகும்போது, “புடவை நல்லா தேய்ச்சிருக்கீங்க” என்றார்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

உன் அக்கா

மார்ச் 15

தம்பிக்கு,

இரண்டு வாரமாகிறது. நலமா என்பதற்கு ஒரு வரி எழுதக் கூடாதா? பார்க்க வந்தேன், உனக்கு உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன உடம்பு என்று கேட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாய் என்றார்கள். நீ குளியலறைக் குழாய்களுக்கு நடுவே வளர்ந்தவன், வழுக்கி விழுகிற ஆளா?

பதில் போடு.

உன் அக்கா

மார்ச் 22
(பெயிண்டர் கையில்)

அக்கா, வணக்கம்.

இதைக் கொண்டுவருகிற பெயிண்டர் எங்கள் அறையில் இருந்தவர், ஜாமீனில் போகிறார். இதை வார்டர் ஐயா படிக்கமாட்டார். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். நான் நலமாக இல்லை.

போலீஸ்காரர்கள் ஜெயிலுக்கே வந்து ஆறாவது காயத்துக்கு ஆள் கேட்கிறார்கள். உன் பெயரை என் வாயிலிருந்து வாங்கப் பார்க்கிறார்கள். வலது கால் கட்டைவிரல் இரண்டாகப் பிளந்துவிட்டது, நகம் இல்லை. இடது கால் சுண்டுவிரலை பெஞ்சுக் காலுக்கு அடியில் வைத்து ஒருவர் பெஞ்சின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டே டீ குடித்தார். குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நான் உன் பெயரைச் சொல்லவில்லை. ஆறும் நான், ஆறும் நான் என்றே கத்தினேன்.

இன்னும் ஒரு மாதம் தாங்குவேன். பிறகு அவர்களுக்கே அலுத்துவிடும். நீ மட்டும் எதையும் சொல்லிவிடாதே. இஸ்திரிப் பெட்டியை எங்கே போட்டாயோ, அது அங்கேயே கிடக்கட்டும். உனக்கு அந்த மேஜை இருக்கிறது, வேலை இருக்கிறது. எனக்கு ஒரு பையும் நாலு ஸ்பானரும்தான் இருந்தன.

காலை விட்டுத் தள்ளு, மற்றபடி நான் பசியோடுதான் இருக்கிறேன், அதாவது நன்றாகத்தான் இருக்கிறேன்.

தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

பெயிண்டர் வந்தார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நீ எழுதாததையும் சொன்னார். உனக்கு ராத்திரியில் சிறுநீரோடு ரத்தமும் போகிறதாம். நலம் என்று எழுதும் உன் கையை உடைக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில்தான் போடுகிறேன். வார்டர் ஐயா நிதானமாகப் படிக்கட்டும்.

அன்று மூன்று மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். புடவை தேய்க்கப் பெட்டியை எடுத்தேன், கரண்ட் இல்லை. பெட்டி இடது கையில் இருந்தது, கரண்ட் எங்கே போயிற்று என்று பார்க்க வலது கையால் கதவு நிலையைப் பிடித்து வெளியே எட்டிப் பார்த்தேன். யாரை எட்டிப் பார்க்கிறாய் என்று உன் அத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்தினார். விரல் உள்ளே இருந்தது. அவருக்கு அது தெரியும். திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், இன்னொரு தடவை சாத்தினார். அந்த இரண்டாவது தடவைதான். முதல் தடவையோடு விட்டிருந்தால் நான் எப்போதும்போலக் கட்டுப் போட்டுக்கொண்டு போயிருப்பேன்.

பெட்டியை வீசினேன் என்று சொல்லமாட்டேன். இறக்கினேன். சுவரில் சாய்ந்தார், சான்றிதழ் கண்ணாடி அவர் தோளில் நொறுங்கிற்று, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே விழுந்தார். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் போயிற்று, அப்போதும் கண் இமைக்கவில்லை. செத்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். நாடி பார்க்கவில்லை. பெட்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, நீ வேலைக்காகக் காத்திருக்கும் கடைக்கு வந்து, “வீட்டுக்குப் போய்ப் பாரு” என்று மட்டும் சொன்னேன். போகிற வழியில் பெட்டியை ஆற்றில் போட்டேன். பிறகு விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போய் இடது கையாலேயே நான்கு பக்கம் திருத்தினேன். ஒரு பிழைகூட விடவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்னையே பயமாக இருக்கிறது.

நீ போய்ப் பிணத்தைப் பார்த்திருக்கிறாய். அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்று பிணத்தையே ஐந்து முறை அடித்து உன்னுடையதாக்கிக்கொண்டாய். இத்தனை நாள் நான் அதைத் தின்று வாழ்ந்துகொண்டிருந்தேன். போதும். நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். கொன்றது நான் என்று சொல்லப்போகிறேன். உன்னை இனி யாரும் தொடமாட்டார்கள்.

காலை ஈரம் படாமல் வைத்துக்கொள்.

உன் அக்கா

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பெண்கள் பிரிவில் இருக்கிறாய், நான் இந்தப் பக்கம். நடுவில் ஒரே சுவர். ஆனாலும் கடிதம் ஆபீஸ், தபால் என்று ஊரைச் சுற்றித்தான் உன்னிடம் வருமாம். உடம்பு எப்படி இருக்கிறது? வாளியை முதலில் பிடித்துக்கொள்.

என்னை அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நீ செய்த காரியத்தால்தான். அதனால் இனி நான் சும்மா இருக்க முடியாது. இதைப் படிக்கும் ஐயா, தயவு செய்து ஒரு நகல் எடுத்து எங்கள் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.

அக்கா, நான் போனபோது அத்தான் உயிரோடு இருந்தார்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துண்டால் நெற்றியை அழுத்திப் பிடித்திருந்தார். “தண்ணி குடு மச்சான்” என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். முழு டம்ளரும் குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். அப்போது டம்ளரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சிரித்தார். “உங்க அக்காகிட்ட சொல்லு, இன்னும் எட்டு விரல் பாக்கி இருக்கு.”

டம்ளரை மேஜையில் வைத்தேன். பையைத் திறந்தேன். ரிஞ்ச் அடியில் இருந்தது, மேலே இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் அடிக்குக் கையைத் தூக்கினார், இரண்டாவதுக்குத் தூக்கவில்லை. மூன்றாவதிலேயே நினைவு தப்பிவிட்டது. மற்ற இரண்டும் எனக்காக.

இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ முதல் நாளிலிருந்தே என்னைத் தியாகி மாதிரி பார்த்தாய். வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, அது நன்றாக இருந்தது. கட்டைவிரல் பிளந்தபோதுகூட நன்றாக இருந்தது. நீயே கொலைகாரி என்று நினைத்து நீ செத்துக்கொண்டிருப்பதை நான் யோசிக்கவே இல்லை. அதற்கு என்னை மன்னிக்காதே.

ஆனால் உன்னிடம் எனக்கும் ஒரு கோபம் இருக்கிறது. இருபது வருஷத்தில் தீர்ப்புக்கு முன்னால் எவனையும் குற்றவாளி என்று நீ விட்டதில்லை. பிள்ளையைக் கிணற்றில் போட்டவனுக்கும் அந்தச் சொல்லைப் போட்டாய், எனக்கும் போட்டாய். உனக்கு மட்டும் போடவில்லை. நாடி பார்க்காமலே உனக்குத் தீர்ப்பு எழுதிவிட்டாய். திருத்து அக்கா.

உன் தம்பி

நவம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. வீட்டிலிருந்து எழுதுகிறேன். நலம். கால் எப்படி இருக்கிறது? நேற்றுக் கூண்டில் நீ ஒரு காலிலேயே நின்றதைப் பார்த்தேன்.

டாக்டர் சொன்னது உனக்குக் காதில் விழுந்ததோ என்னவோ. ஆறு காயத்தைச் சுற்றியும் ரத்தம் கட்டியிருந்தது, உயிர் இருந்தால்தான் அப்படிக் கட்டும் என்றார். நெற்றிக் காயத்தால் சாவு வராது, மற்ற ஐந்தால் வந்தது என்றார். என் விரலின் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார்கள். தற்காப்பு என்று என்னை விட்டுவிட்டார்கள். நீ சொன்னது பொய்யாக இருக்கும், மறுபடியும் என்னைக் காப்பாற்றத்தான் கதை கட்டுகிறாய் என்று அந்த நிமிஷம்வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு வந்தது. அதே மூச்சில் உன்னை இழந்தேன். விடுதலையானதற்கு நான் சந்தோஷப்பட்டேன் தம்பி. உன்னிடம் அதை மறைக்கமாட்டேன்.

தண்ணீர் கொடுத்த கையால் சாமான்களை எடுத்து வைத்தாய் என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. எட்டு விரலையும் அந்த ஆள் சும்மா விட்டிருக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே நெஞ்சில் கிடந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

நேற்றுக் கோர்ட்டிலிருந்து நேராகப் பேப்பர் ஆபீசுக்குப் போனேன், மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். தீர்ப்புச் செய்தியை வேறொருவர் பார்க்கட்டும் என்றார் ஆசிரியர். வேண்டாம், என் மேஜைக்கே அனுப்புங்கள் என்றேன். நிருபர் எப்போதும்போல ‘குற்றவாளிக்குப் பத்தாண்டு சிறை’ என்று எழுதியிருந்தார். பென்சில் தானாக அந்தச் சொல்லின் மேல் போய் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷத்தில் எத்தனையோ தீர்ப்புக்கு அந்தச் சொல்லை யோசிக்காமல் விட்டிருக்கிறேன். நேற்று மடங்காத விரலோடு பென்சிலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொல் சரியாக இருந்தது. அடிக்கவில்லை. ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டுக் கீழே அனுப்பிவிட்டேன்.

மேல்முறையீட்டுக்கு வக்கீலைப் பார்க்கிறேன். நீ வேண்டாம் என்றாலும் பார்ப்பேன்.

இன்றைக்கு உனக்கு வெள்ளைச் சட்டை கொடுத்திருப்பார்கள். தோள் இறுக்கமாக இருந்தால் அன்றைக்கே சொல்லி மாற்றிக்கொள், இறுக்கமான சட்டையோடு உன்னால் யாரிடமும் ஒழுங்காகப் பேச முடியாது. நீலச் சட்டையை ஆபீசில் ஒப்படைத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன், துவைத்துத் தேய்த்து வைக்கிறேன்.

உன் அக்கா